பணி ஓய்ந்த போலீஸ் நாய்

போலீஸ் நாயைப் பற்றிப் பேசப் புகுந்தால் எவரும் அதன் வீரச் செயல்களையே முதலில் எடுத்துரைப்பர். களவு நடந்த வீட்டில் மோப்பம் பிடித்தது, ஊருக்கு வெளியே ஓடியது, புதரில் கிடந்த இரும்புப் பாரையைக் கண்டு குரைத்தது என்றெல்லாம் செய்தித்தாள்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது அந்நாயின் பிற்காலத்தை. கால் தளர்ந்து, நோயுற்று, இனி வேலைக்கு உதவாது என்று முடிவான பிறகு அதன் கதி யாது? அதனால் பயன் பெற்ற மக்கள் அதற்கு என்ன செய்கிறார்கள்?

ஓய்வூதியம் பெறுகிறவன் என்ற முறையில் இக்கேள்வியில் எனக்குச் சற்றுத் தனி அக்கறை உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை நேர்காணலுக்குச் சென்று, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று மெய்ப்பித்துவிட்டு வருகிறேன். நாய்க்கு அந்த வசதி கிடையாது. அது மனு எழுதாது, சங்கம் சேராது, தனக்கு இன்ன இடத்தில் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாது.

எங்கள் மேல்விஷாரத்தில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு கடையில் களவு போயிற்று. போலீஸ் வண்டியில் நாய் வந்து இறங்கியதும் ஊரே திரண்டுவிட்டது. பள்ளி விடும் நேரமாதலால் என் மாணவர் பாதிப் பேர் அங்கேதான் நின்றனர். கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “வாத்தியாரே, இந்தத் தோல் நெடியிலே அதுக்குத் திருடன் வாடை எங்கே தெரியப் போகுது?” என்று கேட்டார். நியாயமான ஐயந்தான். சுண்ணாம்புக் குழியும், ஆவாரம்பட்டையும், கடுக்காயும், பச்சைத் தோலும் சேர்ந்தெழும் வாடையிலே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெளியூர்க்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் டானரிகளைக் கடந்து செல்வது உண்டு.

அப்பெரியவருக்கு அன்று நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்லுகிறேன். மணத்தை அறியும் உணர்வு முனைகள் மனிதனின் மூக்கில் ஏறத்தாழ ஐம்பது அறுபது இலட்சம் உள்ளன. நாயின் மூக்கிலோ, இனத்துக்கேற்ப, இருபது கோடி முதல் முப்பது கோடி வரை இருக்கும். நாம் மூச்சுக்கு இழுக்கும் காற்றைக் கொண்டே மணத்தையும் அறிகிறோம். நாயின் மூக்கினுள் காற்று இரு வழிகளில் பிரிகிறது. ஒரு பகுதி நுரையீரலுக்குப் போக, மறு பகுதி மணமறியும் இடத்துக்குத் தனியே செல்கிறது. விடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், புதிதாக வரும் வாடை கலைவதில்லை. ஆம்பூர்ப் பிரியாணி அண்டா திறந்தால் நமக்குப் பிரியாணி மணக்கிறது, அவ்வளவுதான். நாய்க்கோ அரிசி வேறாகவும், பட்டை இலவங்கம் வேறாகவும், இறைச்சி வேறாகவும், கிளறிய கரண்டியைப் பிடித்தவரின் கை வேறாகவும் தெரியும். ஆகவே தோல் நெடி அதற்குத் திரையன்று.

அத்தகைய மூக்குக்கும் பகைவன் ஒருவன் உண்டு. அவன் வெயில். நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்வதற்கு நாயால் இயலாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இளைக்கும்போது காற்று வாய் வழியே போய்வருவதால் மோப்பம் பிடித்தல் தடைப்படுகிறது. வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஒரு நாயை இரண்டு மணி நேரம் வேலை வாங்குவது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். இளம் நாய் சற்று இளைப்பாறிவிட்டு மீண்டும் எழும். வயதான நாய் எழத் தயங்கும். பெரிய இன நாய்கள் சிறியவற்றைவிட விரைவில் முதுமை அடைவதால் எட்டு முதல் பத்து வயதுக்குள் அவற்றின் பணிக்காலம் முடிந்துவிடுகிறது. ஒரு பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் ஒரு போலீஸ் நாயின் வாழ்நாள் ஊழியம் தொடங்கி முடிந்துவிடும்.

நம் நாட்டில் இவ்வாறு ஒரு நகரமே அறிந்து போற்றிய நாய் ‘சஞ்சீர்’. பொன்னிற லாப்ரடார் இனத்தைச் சேர்ந்தது. 1992 ஜனவரியில் பிறந்தது. புனேயில் பயிற்சி பெற்றது. 1973-ல் வெளிவந்த ஓர் இந்தித் திரைப்படத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அவ்வாண்டு இறுதியில் பம்பாய்ப் போலீசின் வெடிகுண்டு கண்டறியும் பிரிவில் அது சேர்ந்தது. இரண்டரைத் திங்கள் கழித்து, 1993 மார்ச் 12-ஆம் நாள், அந்நகரில் அடுத்தடுத்துப் பன்னிரண்டு இடங்களில் குண்டுகள் வெடித்து 257 பேர் மாண்டனர். வெடித்தவை போக, வெடிக்காமல் ஒளிந்திருந்தவை எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாத நாட்கள் அவை. தன்ஜி தெருவில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு ஸ்கூட்டரைச் சஞ்சீர் காட்டிக் கொடுத்தது. அதில் வெடிமருந்து நிரப்பப்பட்டிருந்தது. தன் பணிக்காலத்தில் அது கண்டுபிடித்தவற்றைக் கணக்கிட்டவர்கள், ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து மட்டும் 3,329 கிலோ என்றும், வெடிதூண்டிகள் 600 என்றும், கையெறி குண்டுகள் 249 என்றும், துப்பாக்கிக் குண்டுகள் 6,406 என்றும் பதிந்துள்ளனர். தன்ஜி தெருவில் அந்த ஸ்கூட்டரைக் காட்டிக் கொடுத்தபோது அதற்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை!

இனி அதன் நோய்க்கு வருவோம். சஞ்சீருக்கு வந்தது எலும்புப் புற்றுநோய். பெரிய இன நாய்களுக்கு, குறிப்பாகக் கால் எலும்புகளில், அடிக்கடி வரும் நோய் இது. இதன் கொடுமை என்னவென்றால், தொடக்கத்தில் இது நோயாகவே தோன்றாது. நாய் சற்று நொண்டும். குதித்தபோது சுளுக்கிக்கொண்டது போலும் என்று எண்ணத் தோன்றும். இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் சிறிது தேறியும் காட்டும். பின்னர் மீண்டும் நொண்டும். படம் பிடித்துப் பார்த்து நோய் இன்னதென்று அறியும்போது பெரும்பாலும் அதன் விதைகள் நுரையீரலுக்குப் பரவியிருக்கும். நோயுற்ற காலை எடுத்துவிட்டு மருந்து செலுத்தினால் சில திங்கள், சில சமயம் ஓராண்டு, நீட்டிக்கலாம். மூன்று காலில் நடக்க நாய்கள் விரைவில் பழகிவிடுகின்றன.

நாய் தன் வலியை மறைக்கும் பிராணி. காட்டில் வாழ்ந்த அதன் முன்னோர்க்கு வலியை வெளிக்காட்டுவது ஆபத்தாக இருந்திருக்கும் என்று அறிவியலார் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், போலீஸ் நாயைப் பொறுத்தவரை இவ்வியல்பு இருமடங்காகிறது. ஏனெனில் அதற்கு வேலை ஒரு விளையாட்டு. ஒளித்துவைத்த பொருளைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்றே அதைச் சிறுவயதில் பழக்குகிறார்கள். வெடிமருந்து என்றால் என்ன, கொலை என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. பந்து தெரியும், பந்தை எறியும் கையின் உரியவரைத் தெரியும். அந்த விளையாட்டுக்காக, வலிக்கும் காலையும் ஊன்றிக்கொண்டு ஓடிவரும்.

ஆகையால் நோயை முதலில் கண்டுபிடிப்பவர் மருத்துவர் அல்லர்; நாயுடன் வாழும் காவலரே. யானைக்கு உரியவரைப் பாகன் என்கிறோம். நாய்க்கு உரியவரை நம் போலீசார் ‘ஹாண்ட்லர்’ என்றே அழைக்கின்றனர். காலையில் குளிப்பாட்டுபவர், உணவு கொடுப்பவர், பயிற்சிக்கு அழைத்துச் செல்பவர், வண்டியில் அருகே அமர்பவர் எல்லாம் அவரே. நேற்று வரை வண்டிக்குள் தானே தாவி ஏறிய நாய் இன்று முன்கால்களை மட்டும் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறது. தட்டில் கால் பங்கு உணவு மிஞ்சுகிறது. படுத்த இடத்தில் ஒரே பக்கமாகப் படுக்கிறது. இவற்றை எவரும் பதிவேட்டில் எழுதிவைக்கச் சொல்வதில்லை. எனினும் நல்ல காவலர் ஒருவருக்கு இவை போதும். வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பையன் ஒருவன் திடீரென்று வாய் பேசாமல் போனால் ஆசிரியருக்குத் தெரிந்துவிடுவது போலத்தான் இது.

சஞ்சீர் பரேலில் உள்ள பழமையான கால்நடை மருத்துவமனையில் 2000 நவம்பர் 16-ஆம் நாள் இறந்தது. அதற்கு ஒன்பது வயது நிறையவில்லை. முழுப் போலீஸ் மரியாதையுடன் அதனை அடக்கம் செய்தனர். மலர்கள் குவிந்த அந்த உடலுக்கு ஓர் அதிகாரி வணக்கம் செலுத்தும் புகைப்படம் இன்றும் ஆண்டுதோறும் மக்களால் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

சஞ்சீர் இறந்த அதே திங்களில், அதற்குப் பத்து நாட்கள் முன்பு, அமெரிக்க நாட்டில் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அந்நாட்டுக் கடற்படைப் போர்வீரர்களிடம் பணியாற்றிய ‘ராபி’ என்னும் நாய் முதுமையாலும் மூட்டு நோயாலும் வேலைக்கு உதவாது போயிற்று. அதனுடன் பழகிய வீரர், தம் வீட்டுக்கு அழைத்துச்சென்று வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். விதி இடங்கொடுக்கவில்லை. இராணுவக் கணக்கில் நாய் என்பது ஒரு தளவாடம். பழுதான தளவாடத்தை வெளியார்க்குத் தருவதற்கில்லை. வியட்நாம் போரில் பணியாற்றிய நாய்கள் சுமார் நாலாயிரம். அவற்றுள் தாய்நாடு திரும்பியவை மிகச் சிலவே என்பதும் இதே கணக்கின் விளைவுதான். ராபியின் செய்தி பரவி, மக்கள் குரல் எழுப்ப, பணி முடித்த இராணுவ நாய்களைத் தக்கவர்களிடம் ஒப்படைக்கலாம் என்று அமெரிக்கப் பேரவை சட்டம் இயற்றியது. 2000 நவம்பர் 6-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கிளின்டன் அதில் ஒப்பமிட்டார். மக்கள் அதனை ‘ராபி சட்டம்’ என்றே அழைத்தனர். ராபிக்கு மட்டும் அச்சட்டம் உதவவில்லை. அதன் நோய் முற்றிவிட்டதென்று சொல்லி 2001 ஜனவரியில் ஊசியிட்டு அதன் உயிரை முடித்தார்கள்.

அமெரிக்கரைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் இராணுவத்திலும், வேலைக்கு உதவாத நாய்களை ஊசியிட்டு முடிக்கும் வழக்கம் இருந்தது என்பது 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அதன் பின்னர் அரசு புதிய நடைமுறை வகுக்க முன்வந்தது. தீராத நோயால் துடிக்கும் பிராணிக்கு வலியின்றி முடிவு தருவது வேறு. உண்ணும் உணவுக்கு ஈடாக உழைக்கவில்லை என்பதற்காக முடிப்பது வேறு. முன்னதில் இரக்கம் இருக்கக்கூடும். பின்னதை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் என் மனம் ஒப்பவில்லை.

இவ்விடத்தில் நம் பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக இயலவில்லை. செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊர் உள்ளது. அங்கே ஒரு நடுகல் கிடைத்துள்ளது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனது 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. ஆநிரையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு நட்ட கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து, தன் தலைவன் கிடந்த இடத்தைக் காத்து நின்றதென்று கல்வெட்டு சொல்கிறது. பெயருடன் பதிவான போலீஸ் நாய் ஒன்று 1400 ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது என்று மாணவர்களிடம் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சென்னையில் போலீஸ் நாய்ப்படை தொடங்கியது 1951-ல்தான்!

இன்னொரு கல்லும் நம்மோடு தொடர்புடையதே. நம் இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள தக்கோலத்தில் 949-ஆம் ஆண்டளவில் சோழருக்கும் இராஷ்டிரகூடருக்கும் பெரும்போர் நடந்தது. சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தவாறே மாண்ட போர் என்று வரலாற்றில் படித்திருப்பீர்கள். அப்போரில் எதிர்ப்பக்கம் நின்று வீரம் காட்டிய மணலேரன் என்பவனுக்கு, ‘வேண்டுவதைக் கேள்’ என்று கங்க அரசன் பூதுகன் வரம் கொடுத்தான். அவ்வீரன் பொன் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பின்னர் அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. கன்னட நாட்டு ஆதகூரில் காளிக்குக் கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். அந்தக் கல் இப்போது பெங்களூர் அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளது.

இவ்விரு கற்களையும் நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் ஒன்றை நோக்குங்கள். கோவிவனும் காளியும் வீரம் காட்டிய களத்திலேயே நினைவு பெற்றவை. சஞ்சீருக்குக் கிடைத்த மலர்களும் இறந்த பின்னர்க் கிடைத்தவையே. கல் நடுவது ஒரு நாள் வேலை. மலர் வைப்பது ஒரு நாழிகை வேலை. மூட்டு வலியோடு படுத்திருக்கும் நாய்க்கு மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு, நாள்தோறும் உணவும் மருந்தும் தருவதற்கு யார் பொறுப்பு? காவலரின் அன்பு ஒன்றையே நம்பியிருக்க முடியாது. அவருக்குச் சம்பளம் சிறிது, வீடு சிறிது, மாற்றல் உத்தரவு வரலாம், புதிதாக ஒரு நாய்க்குட்டியைப் பழக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்திருக்கும். எனவே அன்பு இருக்கும் இடத்தில் அதற்குத் துணையாகவும், இல்லாத இடத்தில் அதற்கு மாற்றாகவும், ஒரு விதி வேண்டும். அவ்விதிக்கு ஒரு நிதியும் வேண்டும்.

எங்கள் ஊரில் இதனைச் சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்து, “எங்கள் வீட்டில் நாயை வாசலுக்குள் விடமாட்டார்களே, ஐயா?” என்று கேட்டான். உண்மைதான். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவவேண்டும் என்பது இஸ்லாமிய மரபு. மற்றச் சமயத்தார் வீடுகளிலும் அடுப்பங்கரைக்கு நாய் வருவதை ஒப்புவோர் குறைவு. ஆயினும் அதே இஸ்லாமிய மரபில், பயிற்சி பெற்ற வேட்டை நாய் பிடித்துத் தந்த இரையை உண்ணலாம் என்ற அனுமதியும் உண்டு. தாகத்தால் மண்ணை நக்கிய நாய் ஒன்றுக்காகக் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவனின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாக நபிமொழித் தொகுப்பில் ஒரு வரலாறும் உண்டு. தோல் காலணி செய்யும் ஊரில் பிறந்த பிள்ளைகள் அதனை மறக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நாயை வீட்டுக்குள் வைப்பதும் வைக்காததும் அவரவர் வழக்கம். அதன் உழைப்பை ஊர் பெற்றுக்கொண்டது என்பதோ அனைவர்க்கும் பொது.

விதியும் நிதியும் வேண்டும் என்றேனே, அவை ஆகாத காரியங்கள் அல்ல. கேரளப் போலீசார் 2019-ல் திருச்சூரில் உள்ள போலீஸ் அகாடமி வளாகத்தில் ‘விஸ்ராந்தி’ என்ற பெயரில் ஓர் இல்லம் அமைத்தனர். பணி முடித்த நாய்கள் அங்கே தம் இறுதிக் காலத்தைக் கழிக்கின்றன. இங்கிலாந்தில் நாட்டிங்காம் மாவட்டப் போலீசார் 2013-ல் தம் நாய்களுக்கு ஒருவகை ஓய்வூதியமே ஏற்படுத்தினர். ஓய்வுக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு, மருத்துவச் செலவாக, மொத்தம் 1,500 பவுன் வரை வளர்ப்பவருக்குக் கொடுப்பது என்பது ஏற்பாடு. என் போன்றோர் பெறும் ஓய்வூதியத்தைவிட இதில் ஒரு நன்மை உண்டு: நாய் நேர்காணலுக்குப் போகவேண்டியதில்லை.

மும்பையில் 2008 நவம்பர்த் தாக்குதலின்போது பணியாற்றிய மாக்ஸ், சுல்தான், டைகர், சீசர் என்னும் நான்கு நாய்களை, ஓய்வுக்குப் பின் விராரில் உள்ள ஒரு பண்ணையில் ஓர் அம்மையார் வைத்துப் பேணினார். நான்கும் ஒன்றாகவே அங்கு வாழ்ந்தன. 2016-ஆம் ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கும் இறந்தன. கடைசியாக அக்டோபரில் சீசர் இறந்தது. தோழர்களை இழந்தபின் சீசர் சோர்ந்து போயிருந்தது என்று அப்போது செய்தி வந்தது. ஓய்வு பெற்ற நாய்க்கு உணவும் மருந்தும் மட்டும் போதா, பழகிய துணையும் வேண்டும் என்பதற்கு இதனைவிடச் சான்று தேவையில்லை. காலையில் வாரை எடுக்கும் ஓசை கேட்டு எழுந்து நின்று, தன்னை விட்டு வேறொரு நாயை அழைத்துச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழ நாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள், பணி முடிந்தாலும் சிறு விளையாட்டு வேலை ஏதேனும் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்கிறார்கள். பந்தை இரண்டு அடி தூரத்தில் ஒளித்துவைத்தாலும் போதும்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மீட்பு நாயின் கதை. போலீஸ் நாய் அன்று. எனினும் தொழில் ஒன்றே. ‘பிரிட்டனி’ என்பது அதன் பெயர். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இடிந்து விழுந்த இரட்டைக் கோபுரங்களின் இடிபாடுகளில் மனிதரைத் தேடிய நாய்களுள் ஒன்று. ஒன்பது வயதில் தேடும் பணியிலிருந்து அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். பிறகு, டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அதனை அழைத்துச் சென்றார்கள். வகுப்பில் உரக்கப் படிக்கக் கூச்சப்படும் முதல் வகுப்புக் குழந்தைகள் அதனருகே அமர்ந்து புத்தகத்தைப் படித்துக் காட்டுவார்கள். எழுத்துப் பிழையாகப் படித்தாலும் அது சிரிக்காது, திருத்தாது, அவசரப்படுத்தாது. நாற்பது ஆண்டுகள் ஆசிரியப் பணியில் பழகியவன் சொல்லுகிறேன், அப்படிக் கேட்பது எல்லார்க்கும் கைவருவதில்லை.

பிரிட்டனிக்குப் பதினாறு வயதானபோது சிறுநீரகங்கள் செயலிழந்தன. உண்ண மறுத்தது. 2016 ஜூன் 6-ஆம் நாள் அதனைக் கால்நடை மருத்துவமனைக்கு இறுதியாக அழைத்து வந்தார்கள். அவ்வூர்த் தீயணைப்பு வீரர்கள் வாசலிலிருந்து கதவு வரை வழியின் ஓரமாக வரிசையில் நின்று வணக்கம் செலுத்தினார்கள். பிரிட்டனி தன் கால்களாலேயே மெல்ல நடந்து உள்ளே சென்றது.